புதிய சாண்ட்விச் கடை: பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யலாமா?

நம் ஊர்க் கடைவீதிகள் வேகமாக மாறி வருகின்றன. ஒரு காலத்தில் பெருநகரங்களின் வணிக வளாகங்களில் மட்டும் இருந்த பன்னாட்டு உணவகங்கள் இன்று புறநகர்ச் சாலைகளுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்துவிட்டன. பீட்சா, பர்கர், பொரித்த கோழி என்ற வரிசையில் இப்போது சாண்ட்விச்சும் சேர்ந்துகொண்டது. ஒரு கிளை திறந்ததும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வரும் முதல் கேள்வி, "அங்கே ஹலாலா?" என்பதுதான்.

பதில்களும் உடனே வந்துவிடும். ஒருவர், "ஹலால்தான், நான் சாப்பிட்டேன்" என்பார். இன்னொருவர், "போகவே போகாதீங்க, எல்லாம் ஹராம்" என்று எங்கிருந்தோ வந்த ஆடியோ ஒன்றை அனுப்புவார். இருவரில் ஒருவர்கூடக் கடையில் கேட்டிருக்க மாட்டார்.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் நம் மார்க்கம் காட்டும் வழி ஒன்று இருக்கிறது. அதுதான் விசாரித்து அறிவது. அந்தப் பழக்கம் நம் குடும்பங்களில் குறைந்து வருகிறதோ என்ற கவலையில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

கடைக்குள் நடந்தது

பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்த மாலை. சென்னைப் புறநகரில் புதிதாகத் திறந்திருந்த சாண்ட்விச் சங்கிலி உணவகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தச் சங்கிலி உணவகத்துக்கும் பொருந்தும் செய்திதான் இது.

இத்தகைய கடைகளில் சமையல் நம் கண்முன்னே நடக்கிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாகத் தட்டுகள். ஒன்றில் பனீர், ஒன்றில் கோழி, ஒன்றில் சலாமி, ஒன்றில் முட்டை. அடுத்து காய்கறிகள், அதற்கடுத்து சாஸ் பாட்டில்கள். நாம் சொல்லச் சொல்ல ஊழியர் ரொட்டியைப் பிளந்து அடுக்குகிறார். பிறகு சூடாக்கும் அடுப்பில் வைத்து எடுத்து, கத்தியால் இரண்டாக வெட்டித் தருகிறார்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் சலாமி சாண்ட்விச் வாங்கினார். அதே கையுறை, அதே பலகை, அதே கத்தி. அடுத்தது எங்கள் முறை. மகள் மெதுவாகக் கையைப் பிடித்து, "வாப்பா, கேளுங்க" என்றாள். மகனோ, "வேணாம் வாப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

கேட்டோம். "தம்பி, இந்தக் கோழி ஹலாலா? சான்றிதழ் இருக்கா?" அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. முகம் சுளிக்காமல் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் கைப்பேசியில் ஒரு சான்றிதழைக் காட்டினார். அது கோழி இறைச்சி அனுப்பும் ஆலைக்கு வழங்கப்பட்டது. காலாவதித் தேதி கடந்திருக்கவில்லை. "சலாமி?" என்று கேட்டோம். "அதுவும் கோழிதான் சார். ஆனா வேற கம்பெனி. அதோட சான்றிதழ் என்கிட்ட இல்ல, கேட்டு வாங்கணும்" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி கூறினோம். கையுறையை மாற்றி, கத்தியையும் பலகையையும் கழுவித் தர முடியுமா என்று கேட்டோம். "தாராளமா" என்று சொல்லிச் செய்து கொடுத்தார்கள்.

மொத்தம் ஐந்து நிமிடம். யாரும் எங்களை முறைத்துப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற இன்னொரு குடும்பத்துப் பெண்மணி, "நல்லவேளை நீங்க கேட்டீங்க, எங்களுக்குக் கேட்கக் கூச்சமா இருந்துச்சு" என்றார். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரே பெயர், பல முதலாளிகள்

"அந்த கம்பெனி ஹலால்தானே?" என்று நாம் கேட்பதிலேயே ஒரு தவறான புரிதல் இருக்கிறது. சங்கிலி உணவகம் என்பது பெரும்பாலும் ஒரே முதலாளியின் கடை அல்ல.

உலகின் மிகப் பெரிய சாண்ட்விச் சங்கிலியான சப்வேயை எடுத்துக்கொள்வோம். 1965-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரெட் டிலூகா என்ற 17 வயது இளைஞர் குடும்ப நண்பர் பீட்டர் பக் கொடுத்த 1,000 டாலரைக் கொண்டு தொடங்கிய கடை அது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் கிளைகள் உள்ளன. 2001-ல் டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது. இதன் கிளைகள் பிரான்சைஸ் முறையில் நடப்பவை. பெயரும் செய்முறையும் நிறுவனத்துடையவை. கடையை நடத்துபவர் உள்ளூர் உரிமதாரர்.

இதன் விளைவு என்ன என்பதை 2014-ல் பிரிட்டனில் பார்த்தோம். பிரிட்டன், அயர்லாந்து நாடுகளில் இருந்த சுமார் 1,500 கிளைகளில் ஏறத்தாழ 185 கிளைகளில் மட்டும் பன்றி இறைச்சி நீக்கப்பட்டு, அதற்குப் பதில் வான்கோழி இறைச்சி வைக்கப்பட்டது. அங்கே ஹலால் இறைச்சி பயன்படுத்தப்படுவதாகவும் அறிவிக்கப்பட்டது. இது அங்குள்ள நாளிதழ்களில் பெரிய சர்ச்சையானது. நமக்கு அதில் பாடம் இதுதான்: ஒரே பெயர்ப் பலகை, ஒரே நாடு. ஆனால் ஒரு தெருவில் இருக்கும் கிளையில் ஹலால், அடுத்த தெருவில் இருக்கும் கிளையில் பன்றி இறைச்சி. பெயரை மட்டும் பார்த்துச் சாப்பிட்டவர் எதைச் சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும் நம் சகோதரர்கள், "அங்கே இதே கடையில் சாப்பிட்டோமே" என்று சொல்வதுண்டு. அங்கே சட்டமும் மேற்பார்வையும் வேறு. மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் முயிஸ் என்று அதிகாரபூர்வ அமைப்புகள் ஹலால் சான்றிதழ் வழங்குகின்றன. நம் நாட்டில் நிலை அப்படியல்ல. உள்நாட்டு விற்பனைக்கு ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கும் சட்டம் இங்கே இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஹலால் சான்றிதழ் தருவதில்லை. தனியார் அமைப்புகளும் அறக்கட்டளைகளும்தான் தருகின்றன. எனவே துபாயில் சாப்பிட்டதை வைத்து தாம்பரத்தில் முடிவு செய்ய முடியாது.

கேட்பதற்கு ஏன் தயங்குகிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தக் கேள்வியைக் கேட்பது சாதாரண விஷயம். ஜைன சகோதரர் வெங்காயம், பூண்டு சேர்த்திருக்கிறதா என்று கேட்பது போல, சைவ உணவு சாப்பிடுபவர் தனிப் பாத்திரமா என்று கேட்பது போல, நாம் ஹலாலா என்று கேட்டோம்.

இப்போது அந்தச் சொல்லைச் சுற்றி ஓர் அச்சம் உருவாக்கப்பட்டிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு வாடிக்கையாளர் சமூக ஊடகத்தில் கேட்ட கேள்விக்கு, தங்கள் உணவகங்கள் அனைத்துக்கும் ஹலால் சான்றிதழ் உண்டு என்று மெக்டொனால்ட்ஸ் இந்தியா பதில் சொன்னது. உடனே அந்த நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லி ஒரு பிரச்சாரம் கிளம்பியது. 2022-ல் கர்நாடகத்தில் யுகாதி நேரத்தில் ஹலால் இறைச்சிக்கு எதிராகப் பிரச்சாரம் நடந்தது. 2023 நவம்பர் 18 அன்று உத்தரப் பிரதேச அரசு, ஹலால் சான்றிதழ் பெற்ற உணவுப் பொருள்களின் உற்பத்தி, இருப்பு, விற்பனைக்குத் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு அளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

வெளிநாட்டுக்கு அனுப்பி டாலர் ஈட்டும்போது ஆட்சேபம் இல்லாத ஒரு சொல், உள்நாட்டில் ஒரு குடும்பம் தன் தட்டைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் எப்படிக் குற்றமாகிறது?

தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லை. ஆனால் அச்சத்துக்கு மாநில எல்லை கிடையாது. "கேட்டா ஏதாவது நினைப்பாங்களோ" என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் மனதில் நுழைந்துவிட்டது. மகன் அன்று சொன்ன சொல் அதைத்தான் காட்டியது. கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, அடுத்து கேட்காமலே சாப்பிடும். கேட்காமல் சாப்பிட்டுப் பழகியபின், கேட்க வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். தடைச் சட்டம் எதுவும் இல்லாமலேயே ஒரு தலைமுறையின் பேணுதல் இப்படிப் போய்விடலாம்.

உண்மையில் நாம் வெட்கப்படவோ பயப்படவோ எதுவும் இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், தூய்மை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை ஒவ்வொரு நுகர்வோருக்கும் தருகிறது. காசு கொடுத்து வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மார்க்கம் காட்டும் அளவு

அல்லாஹ் உண்ணச் சொல்வது ஹலாலானதையும் தய்யிபானதையும் (2:168). ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையில் சந்தேகத்திற்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்த்துக்கொள்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்).

ஆனால் சந்தேகம் என்றால் என்ன? இங்கே இரண்டு ஹதீஸ்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது. சிலர் எங்களிடம் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்தார்களா என்று தெரியவில்லை என்று மக்கள் கேட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (புகாரி). கொண்டு வந்தவர்கள் இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர்கள். முஸ்லிம் அறுத்தது என்று தெரிந்த பிறகு, வீண் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டே இருக்கக் கூடாது என்பது இதன் பாடம்.

மற்றொன்று, அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வேட்டைக்கு அனுப்பிய உன் நாயோடு வேறொரு நாயும் சேர்ந்திருந்தால், எது பிடித்தது என்று தெரியாதபோது அதை உண்ணாதே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (புகாரி, முஸ்லிம்). அறுத்தவர் யார், எப்படி என்பதே தெரியாத இறைச்சியில் விலகி நிற்பதே அளவுகோல் என்று அறிஞர்கள் இதிலிருந்து விளக்குகிறார்கள்.

சங்கிலி உணவகத்தின் கோழி எந்த வகை? அது தெருமுனைக் கறிக்கடையில் நம் கண்முன் அறுக்கப்பட்டதல்ல. எங்கோ ஒரு பெரிய ஆலையில் அறுக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, உறைந்த நிலையில் வருவது. கடை ஊழியருக்கே அறுப்பு நடந்த இடம் தெரியாது. எனவே கேட்காமல் சாப்பிட்டால் இரண்டாவது ஹதீஸின் நிலையில் இருக்கிறோம். கேட்டு, நம்பகமான சான்றைப் பார்த்துவிட்டால் மனம் தெளிவாகிறது. இயந்திர அறுப்பு, மயக்கமூட்டி அறுத்தல் ஆகியவற்றில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடப்பதே சரி.

கத்தி, பலகை விஷயத்திலும் வழிகாட்டல் இருக்கிறது. வேதக்காரர்களின் பாத்திரங்களில் உண்ணலாமா என்று அபூ ஸஃலபா (ரலி) கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றில் உண்ணாதீர்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி). கழுவித் தரச் சொல்வது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கெடுபிடி அல்ல. பன்றி இறைச்சி விற்கும் வெளிநாட்டுக் கிளைகளில் இது இன்னும் முக்கியம். பன்றியின் அசுத்தம் பட்டதை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. கடையில் யாரும் அதைச் செய்யப் போவதில்லை. அங்கே விலகி வருவதே எளிது.

தய்யிப் பற்றியும் கேட்போம்

ஹலாலா என்று கேட்டு முடித்ததும் நம் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். தய்யிப், அதாவது தூய்மையும் நன்மையும் உள்ளதா என்பதைக் கேட்பதில்லை.

சாண்ட்விச்சில் பிழியப்படும் மயோனைஸையே பாருங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸால் கிருமித் தொற்று ஏற்படும் அபாயம் இருப்பதால், தெலங்கானா அரசு 2024 அக்டோபர் இறுதியில் ஓராண்டுத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. ஹலால் முட்டையில் செய்த மயோனைஸும் கெட்டுப்போனால் பிள்ளையின் வயிற்றைக் கெடுக்கும். 2023-ல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்ததை மறக்க முடியாது.

ரொட்டியும் அப்படித்தான். 2020-ல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில், சப்வேயின் ரொட்டியை அந்நாட்டு வரிச் சட்டப்படி "ரொட்டி" என்று ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்த சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதம். இந்த ரொட்டியில் இருந்தது 10 சதவீதம். அந்த நாட்டின் தீர்ப்பு நம் ஊர் ரொட்டியைப் பற்றியதல்ல என்றாலும், "சாண்ட்விச் என்றால் ஆரோக்கியம்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது. நம் நாட்டிலும் 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. நீரிழிவு இல்லாத வீடே அரிதாகிவிட்ட நம் சமுதாயத்தில் அந்த எண்ணை ஒரு முறை பார்ப்பது நல்லது.

நம்மவர் நடத்தும் கடைகளுக்கும் இதே அளவுகோல்தான். முஸ்லிம் பெயர் உள்ள பிரியாணிக் கடையில் அறுப்பைப் பற்றிச் சந்தேகம் வராது, சரி. ஆனால் எண்ணெயை எத்தனை முறை காய்ச்சினார்கள், மீந்த இறைச்சியை எங்கே வைத்தார்கள் என்று கேட்கிறோமா? பன்னாட்டுக் கடையில் மட்டும் கேட்டுவிட்டு நம்மவர் கடையில் கண்ணை மூடிக்கொண்டால் அது பேணுதல் ஆகாது.

கடையில் எதைக் கேட்பது?

பலருக்கு என்ன கேட்பது என்றே தெரிவதில்லை. இந்த ஐந்தைக் கேட்டால் போதும்.

1. சான்றிதழ் யாருக்கு? இறைச்சி அனுப்பும் ஆலைக்கா, இந்தக் கிளைக்கா? ஆலைக்கு மட்டும் என்றால் கடைக்குள் நடப்பதற்கு அது பொறுப்பல்ல.

2. வழங்கிய அமைப்பு எது, காலாவதி எப்போது? சுவரில் ஒட்டிய "ஹலால்" ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

3. எல்லா இறைச்சிக்கும் பொருந்துமா? கோழித் துண்டுக்குச் சான்றிதழ் இருக்கலாம். சலாமி, சாசேஜ், ஹாம் வேறு நிறுவனத்திலிருந்து வரலாம். ஹாம் என்பது பல நாடுகளில் பன்றி இறைச்சியின் பெயர். இங்கே கோழியில் செய்ததும் அதே பெயரில் விற்கப்படுகிறது.

4. கையுறை, கத்தி, பலகையை மாற்றவோ கழுவவோ முடியுமா?

5. பாக்கெட்டில் வரும் குக்கீஸ், சாஸ் போன்றவற்றில் பச்சைப் புள்ளி இருக்கிறதா? பால், தேன் போன்ற சில விலக்குகள் தவிர, விலங்கிலிருந்து எடுத்த பொருள் இல்லை என்பது அதன் பொருள். 471 என்ற எண்ணுள்ள சேர்மானம் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செயலி வழியாக வீட்டுக்கு வரவழைப்பவர்கள் கிளைக்குப் போன் செய்து கேட்கலாம். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் சைவ சாண்ட்விச் வாங்கலாம், அல்லது திரும்பி வந்துவிடலாம். ஒரு வேளை சாண்ட்விச் இல்லாமல் யாரும் குறைந்துவிடப் போவதில்லை.

கேட்கும் முறையும் முக்கியம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர் குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் ஒரு பிள்ளை. அவர் சட்டம் இயற்றவில்லை, இறைச்சியும் வாங்கவில்லை. அவரை அதட்டுவதும், படம் எடுத்துப் பரப்புவதும் நம் பண்பல்ல.

உறுதியில்லாத செய்தியைப் பரப்பாமல் இருப்பதும் பேணுதலில் ஒரு பகுதிதான். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (49:6). விசாரிக்காமல் ஹலால் என்று சொல்வது எவ்வளவு தவறோ, ஆதாரமில்லாமல் ஹராம் என்று சொல்வதும் அவ்வளவு தவறு. ஃபலஸ்தீன் மக்களுக்காகச் சில நிறுவனங்களைப் புறக்கணிப்போருக்கும் இது பொருந்தும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் என்ன என்று பார்த்தால்தான் அந்தப் புறக்கணிப்புக்கு வலிமை இருக்கும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட, ஊர் ஜமாஅத்தோ இளைஞர் அமைப்போ இதை எளிதாகச் செய்யலாம். ஊரில் இருக்கும் சங்கிலி உணவகங்களின் மேலாளர்களை இரண்டு பேர் நேரில் சந்தித்து, சான்றிதழ்களைப் பார்த்து, பார்த்த தேதியோடு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் போடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் எந்த வியாபாரியும் சான்றிதழைத் தயாராக வைத்திருப்பார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மகன் கேட்டான்: "கேட்டதுக்கு அவங்க கோபப்படவே இல்லையே வாப்பா?" "ஏன் கோபப்படணும்? நாம சாப்பிடுறதைத்தானே கேட்டோம்" என்றாள் அவன் அக்கா. அடுத்த முறை அவன்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஒப்புக்கொண்டிருக்கிறான்.

புதிய கடைகள் இன்னும் வரும். போவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பமும் வசதியும். போகும்போது பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, சிரித்த முகத்தோடு கேட்கப் பழக்குவோம். நாம் உண்பதையும் நம் பிள்ளைகள் உண்பதையும் அல்லாஹ் ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்கித் தருவானாக. ஆமீன்.